அப்டேட்டுக்குப் பிறகு ஓடாத மக்ரோ: நிற்கும் இடத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கும் ஒபிஸ் 2016, 2019 பதிப்புகளுக்கும் மைக்ரோசொப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. பல வருடங்களாக ஒரே கணினியில் ஓடிக்கொண்டிருந்த எக்செல் கோப்புகள் இப்போது புதிய கணினிக்கு இடம் மாறுகின்றன. திருகோணமலை நகரத்துக் கடையின் சம்பளப் பட்டியல், நிலாவெளி விடுதியின் அறைப் பதிவேடு, தம்பலகாமத்து நெல் கொள்வனவுக் கணக்கு எல்லாமே இந்த வகைக் கோப்புகள்தான். அவற்றில் ஒரு பட்டனை அழுத்தினால் கணக்கைத் தானே செய்துமுடிக்கும் சிறு நிரல்தான் மக்ரோ. மாறிய அன்றே அந்தப் பட்டன் வேலை செய்யாது. இந்த மாதச் சம்பளத்துக்கான ஊழியர் சேமலாப நிதியை அடுத்த மாதம் முடியுமுன் கட்டியாக வேண்டும் என்பதால் அந்தப் பட்டனை அப்படியே விட்டுவிடவும் முடியாது. பதற்றத்தில் பலர் செய்வது இரண்டு காரியங்கள்: “எல்லா மக்ரோவையும் அனுமதி” என்ற தெரிவைப் போடுவது, அல்லது ஒபிஸையே கழற்றித் திரும்ப நிறுவுவது. முதலாவது கணினியைத் திறந்த வீடாக்கிவிடும். இரண்டாவது அரை நாளைத் தின்னும். பெரும்பாலும் பழுது அப்படியே இருக்கும்.

அப்டேட் உங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூடத் தொடுவதில்லை. மக்ரோ எதன்மேல் சாய்ந்து நின்றதோ அதைத்தான் நகர்த்துகிறது: பாதுகாப்பு அனுமதி, துணை நூலகம் (மக்ரோ இரவல் வாங்கும் ஆயத்த நிரல்), கோப்புறைப் பாதை, திகதி அமைப்பு, எழுத்துக் குறியீடு. எது நகர்ந்தது என்பதை மக்ரோ எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே காட்டிவிடும். ஓடவே தொடங்கவில்லையா? தொடங்குமுன் விபிஏ எடிட்டர் (மக்ரோவை எழுதும் ஜன்னல்) ஒரு வரியை நீலமாக்கிக் காட்டி நிற்கிறதா? பாதி ஓடிப் பிழை எண் காட்டுகிறதா? முழுதாக ஓடிப் பிழையான விடை தருகிறதா? முதல் மூன்றும் வெளியே தெரியும். நான்காவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அதை யாரும் பழுது என்று கண்டுபிடிப்பதில்லை. எதையும் தொடுமுன் கோப்பை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிழைச் செய்தியை எண்ணோடு படம் பிடித்தும் வையுங்கள். “ஓடேல்ல” என்று மட்டும் சொன்னால் எந்தக் கெட்டிக்காரராலும் தொலைபேசியில் உதவ முடியாது.

ஓடவே தொடங்காத மக்ரோ

கோப்பைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டை வந்து, அதில் உள்ளடக்கத்தை இயக்கும் பட்டன் இருந்தால் பிரச்சினை எதுவும் இல்லை. பழைய கணினியில் என்றோ ஒருநாள் அந்தப் பட்டனை அழுத்தினீர்கள். அந்த அனுமதி அந்தக் கணினியிலேயே பதிவாகி இருந்தது, கோப்போடு கூட வராது. பட்டை சிவப்பாக இருந்து, மூலம் நம்பகமற்றது என்று சொன்னால் கதை வேறு. இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மக்ரோவைத் தானாகவே தடுப்பதாக 2022 பெப்ரவரியில் மைக்ரோசொப்ட் அறிவித்தது. ஜூலையில் அதை நிறுத்திவைத்து, அதே மாதத்தில் மீண்டும் தொடங்கியது. மின்னஞ்சலிலோ பிரவுசரிலோ இறக்கிய கோப்பில் விண்டோஸ் ஒரு மறைவான அடையாளத்தை ஒட்டுகிறது. எக்செல் அதைப் பார்த்துத்தான் தடுக்கிறது.

அந்த அடையாளம் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைத்த டிஸ்க்கில் மட்டுமே தங்கும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபாட்32 அல்லது எக்ஸ்ஃபாட் முறையில் இருப்பவை. அதனால்தான் ஒரே கோப்பு மூதூரிலிருந்து பென் டிரைவில் வந்தால் ஓடுகிறது, மின்னஞ்சலில் வந்தால் ஓடவில்லை. கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணித் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்வதில் பயனில்லை. அனுப்பியவரையும் கோப்பையும் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், எக்செல்லை மூடிவிட்டு, கோப்பின்மேல் வலது கிளிக் செய்து “புரொப்பர்ட்டீஸ்” திறங்கள். “ஜெனரல்” பக்கத்தின் அடியில் “அன்பிளொக்” என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சரி அடையாளம் போட்டு “ஓகே” கொடுத்தால் போதும். ஸிப்பாக வந்திருந்தால், விரிக்குமுன் ஸிப் கோப்புக்கே இதைச் செய்யுங்கள். விண்டோஸ் தானே விரிக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பிலும் அடையாளத்தை ஒட்டிவிடும்.

தினமும் பாவிக்கும் கோப்புகளுக்கு நிரந்தரமான வழி நம்பகமான இடம். சி டிரைவில் தனியாக ஒரு போல்டர் செய்து, “பைல் – ஒப்ஷன்ஸ் – ட்ரஸ்ட் சென்டர் – ட்ரஸ்ட் சென்டர் செட்டிங்ஸ் – ட்ரஸ்டட் லொக்கேஷன்ஸ்” என்ற பாதையில் அதைச் சேர்த்துவிடுங்கள். “டவுன்லோட்ஸ்” போல்டரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அங்கே எது வந்து விழும் என்று யாருக்கும் தெரியாது. அலுவலக சேர்வரில் இருக்கும் கோப்பை ஐபி எண்ணைத் தட்டித் திறந்தால், விண்டோஸ் அதை இணையத்திலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். சேர்வரின் பெயரால் திறந்து பாருங்கள். பல இடங்களில் அத்துடன் தடை நீங்கிவிடும்.

பட்டை எதுவுமே இல்லை, பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை என்றால் அந்தப் பட்டன் எந்த வகை என்று பாருங்கள். எக்செல்லில் பட்டன் இரண்டு வகை. ஒன்று சாதாரண “ஃபோர்ம்” பட்டன், மற்றது ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசொப்டின் பழைய நுட்பத்தில் செய்த பட்டன். ஒபிஸ் 2024இல் ஆக்டிவ்எக்ஸ் தொடக்கத்திலேயே முடக்கப்பட்டு வருகிறது. 2025 ஏப்ரல் முதல் மைக்ரோசொப்ட் 365இலும் அதே நிலைதான், அதுவும் கேள்வி எதுவும் கேட்காமல். ட்ரஸ்ட் சென்டரில் அதைத் திருப்பி இயக்கலாம். ஆனால் அதைவிட நல்லது பட்டனையே மாற்றுவது: ஒரு செவ்வகம் வரைந்து, வலது கிளிக்கில் “அசைன் மக்ரோ” கொடுத்துப் பழைய மக்ரோவைக் காட்டுங்கள். மக்ரோ பட்டனின் சொந்தக் கிளிக் நிகழ்வுக்குள் எழுதப்பட்டிருந்தால், அதைச் சாதாரண மொடியூல் (நிரல் எழுதும் தனிப் பக்கம்) ஒன்றுக்குள் நகர்த்திய பிறகே பட்டியலில் நேராகத் தெரியும். ஆக்டிவ்எக்ஸ் பட்டன் அப்டேட்டால் அடிபடுவது புதிதுமல்ல. 2014 டிசம்பர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு உலகம் முழுவதும் அவை செத்துப்போயின. தற்காலிகக் கோப்புறைகளில் மிஞ்சியிருந்த இஎக்ஸ்டி கோப்புகளை அழித்த பிறகுதான் உயிர் வந்தது. அந்தக் கோப்புகளை அழிப்பதில் ஆபத்தில்லை, எக்செல் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். சாதாரண பட்டன் வைத்திருந்தவர்களுக்கு அந்த மாதம் எந்தச் சிக்கலும் வரவில்லை.

தொடங்குமுன் நிற்பது

ஆல்ட் + எப்11 அழுத்தி எடிட்டரைத் திறந்து, “டீபக்” மெனுவில் “கொம்பைல்” கொடுங்கள். மக்ரோவை ஓட்டாமலே நிரலை முழுதாகச் சரிபார்க்கும் வழி இது. எந்தப் பழுது தேடலிலும் இதை முதலில் செய்தால் நேரம் மிஞ்சும். இங்கே கிடைக்கும் பிழைகள் அநேகமாக இரண்டு வகைதான்.

முதலாவது, “டிக்ளேர்” என்று தொடங்கும் வரிகள் சிவப்பாகி, 64 பிட்டுக்கு ஏற்ப நிரலை மாற்றச் சொல்வது. 2019இலிருந்து ஒபிஸ் தானாக நிறுவப்படுவது 64 பிட்டாகவே. பழைய கணினிகளில் இருந்தது பெரும்பாலும் 32 பிட். உங்களுடையது எது என்பதை “பைல் – அக்கவுண்ட் – அபவுட் எக்செல்” பக்கத்தின் முதல் வரியில் பார்க்கலாம். “டிக்ளேர்” என்ற சொல்லுக்குப் பின்னால் “பிடிஆர்சேஃப்” என்று சேர்த்தால் சிவப்புப் போய்விடும். அந்த வரிகளில் எல்லாம் அதை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள், தவறு நடப்பது இங்கேதான். “பிடிஆர்சேஃப்” என்பது “நான் சரிபார்த்துவிட்டேன்” என்று நீங்கள் எக்செல்லுக்குக் கொடுக்கும் வாக்கு. அது எதையும் சரிசெய்வதில்லை. “லோங்” என்ற எண்வகை எப்போதும் 4 பைட். 32 பிட்டில் நினைவக முகவரியும் 4 பைட் என்பதால் அது லோங்குக்குள் அடங்கியது. 64 பிட்டில் முகவரி 8 பைட், லோங்குக்குள் பாதி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகவரியோடு விண்டோஸைக் கூப்பிட்டால் பிழைச் செய்திகூட வராமல் எக்செல் அப்படியே மூடிக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஜன்னலின் கைப்பிடி (விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் அடையாள எண்), நினைவக முகவரி போன்றவற்றைக் கொண்டுபோகும் அல்லது கொண்டுவரும் இடங்களை மட்டும் “லோங்பிடிஆர்” ஆக்குங்கள். சில மில்லிசெக்கன் காத்திருக்கச் சொல்லும் “ஸ்லீப்” போன்றவற்றில் எண் வெறும் எண்தான், லோங்காகவே விடலாம். “லோங்பிடிஆர்” ஒபிஸ் 2010இலிருந்து 32, 64 இரண்டிலும் வேலை செய்யும். இன்னமும் 2007 வைத்திருக்கும் கிளை இருந்தாலொழிய, நிபந்தனை போட்டு இரண்டு பிரதி எழுதத் தேவையில்லை.

ஃபோர்மில் திகதி தெரிவுசெய்யும் சிறிய நாட்காட்டி இருந்தால் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதைக் கொண்டுவந்த எம்எஸ்கொம்சிடி2 என்ற ஓசிஎக்ஸ் கோப்பு 32 பிட்டில் மட்டுமே உண்டு. இணையத்தில் எங்கேயோ தேடி எடுத்து 64 பிட் ஒபிஸில் பதிவுசெய்ய முயல்வது வீண். நாள், மாதம், வருடம் என்று மூன்று இறங்குபட்டிகளை வைத்துவிடுங்கள். இனி வரும் எந்தப் பதிப்பிலும் அவை நிற்கும்.

இரண்டாவது வகைதான் மிகவும் குழப்புவது. இத்தனை காலமும் வேலை செய்த “லெஃப்ட்”, “டேட்”, “ஃபோர்மட்” போன்ற சாதாரண சொல்லை நீலமாக்கி, நூலகத்தைக் காணவில்லை என்று எடிட்டர் சொல்லும். அந்தச் சொல்லில் பிழை இல்லை. “டூல்ஸ் – ரெஃபரன்ஸஸ்” திறந்தால் ஏதாவது ஒரு வரியின் முன்னால் “மிஸ்ஸிங்” என்று இருக்கும். அந்த மெனு மங்கலாக இருந்தால் மக்ரோ இடைநடுவில் நிற்கிறது என்று பொருள். முதலில் “ரீசெட்” அழுத்துங்கள். ஒரு நூலகம் தொலைந்தால் எடிட்டர் மற்றச் சொற்களையும் அடையாளம் காண முடியாமல் தடுமாறும். தேவையில்லாத வரியென்றால் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

தேவையானது என்றால் அது எப்படித் தொலைந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். பழைய ஒபிஸில் சேமித்த கோப்பைப் புதியதில் திறந்தால், வேர்ட், அவுட்லுக் போன்றவற்றின் நூலக எண்ணை எக்செல் தானே மேலே உயர்த்தும். உயர்த்தியதைச் சேமித்துப் பழைய கணினிக்கு அனுப்பினால் அங்கே கீழே இறக்காது. நகர அலுவலகத்தில் புதிய ஒபிஸும் கிண்ணியாக் கிளையில் பழையதும் இருந்து, ஒரே கோப்பு வாரந்தோறும் போய்வந்தால், நகரத்தில் யாரோ சேமித்த மறுநாள் கிண்ணியாவில் அது உடையும். தீர்வு, நூலகத்தை முன்கூட்டியே இணைக்காமல், ஓடும் நேரத்தில் “கிரியேட்ஒப்ஜெக்ட்” மூலம் கூப்பிடுவது. அப்படி மாற்றும்போது அந்த நூலகத்தின் மாறிலிப் பெயர்களுக்கு (மாறாத எண்களுக்கு அது வைத்த பெயர்களுக்கு) பதிலாக எண்ணைப் போட வேண்டும். உதாரணமாக, அவுட்லுக்கில் புதிய மின்னஞ்சலைக் குறிக்கும் மாறிலியின் பெறுமதி 0. ஒவ்வொரு மொடியூலின் தலையிலும் “ஒப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்” இருந்தால், மாற்ற மறந்த பெயர்களைக் கொம்பைல் செய்யும்போதே காட்டிக்கொடுக்கும்.

பாதியில் நிற்பது

429 என்ற எண் வந்தால், மக்ரோ கூப்பிட்ட செயலி வரவில்லை. இப்போது இதற்கு முதல் சந்தேகநபர் புதிய அவுட்லுக். சம்பளச் சீட்டை ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பும் மக்ரோக்கள் பழைய அவுட்லுக்கின் பொருள் மாதிரியை, அதாவது வெளி நிரல்கள் அவுட்லுக்கை இயக்கும் வழியை, நம்பியவை, புதிய அவுட்லுக்கில் அது கிடையாது. மக்ரோவை அப்படியே ஓட்ட வேண்டுமென்றால் பழைய அவுட்லுக்குக்குத் திரும்ப வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்து இணையத்திலிருந்து நாணய மாற்று விகிதம் எடுக்கும் மக்ரோக்களும் இந்த வரிசையில் வரும். அந்த பிரவுசரின் ஆதரவு 2022 ஜூன் 15இல் முடிந்தது.

52, 76, 1004 போன்ற எண்கள் கோப்பைத் திறக்கும் வரியில் வந்தால் பாதையைச் சந்தேகியுங்கள். புதிய கணினியை அமைக்கும்போது “டெஸ்க்டொப்”, “டொக்குமென்ட்ஸ்” போல்டர்களை ஒன்டிரைவ் தன்னிடம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பிறகு “இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது” என்று மக்ரோ கேட்டால், சி டிரைவில் தொடங்கும் பாதைக்குப் பதிலாக இணைய முகவரி ஒன்று விடையாக வரும். கோப்பு இருக்கிறதா என்று தேடும் “டிர்” போன்ற கட்டளைகளுக்கு இணைய முகவரி புரியாது. மக்ரோக் கோப்புகளையும் அவை படிக்கும் கோப்புகளையும் சி டிரைவில் தனி போல்டரில் வையுங்கள். பாதையை நிரலுக்குள் எழுதாமல் ஒரு ஷீட்டின் ஒரு செல்லில் எழுதி அங்கிருந்து படிக்கச் செய்யுங்கள். அடுத்த முறை கணினி மாறினால் அந்த ஒரு செல்லை மட்டும் மாற்றினால் போதும். மேலே சொன்ன நம்பகமான இடமும் இந்த போல்டரே ஆகலாம்.

9 என்ற எண், தேடிய ஷீட்டைக் காணவில்லை என்பது. தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களை இது தனியாகத் தாக்குகிறது, ஆங்கில விளக்கங்களில் இதற்கான பதில் அரிதாகவே கிடைக்கும். எக்செல் ஷீட் யூனிகோடை முழுமையாகக் கையாளும். விபிஏ எடிட்டர் கையாளாது. அது விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கங்களையே (எழுத்துக்கு எண் கொடுக்கும் அட்டவணைகளையே) பாவிக்கிறது, அந்தப் பக்கங்களில் தமிழுக்கு இடமே கொடுக்கப்படவில்லை. “வரவு” என்ற பெயரை எடிட்டரில் ஒட்டினால் நான்கு கேள்விக்குறிகள் வரும். நான்கு கேள்விக்குறி என்ற பெயரில் ஷீட் இல்லாததால் 9 வருகிறது. இதுவரை இந்தச் சிக்கல் தெரியாமல் இருந்ததற்குக் காரணம் பாமினி. பாமினி எழுத்துரு தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் எண்களில் வைத்திருப்பது, ஆகவே எடிட்டருக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. புதிய கணினிக்கு மாறும்போது யாராவது நல்ல எண்ணத்தோடு தலைப்புகளையும் ஷீட் பெயர்களையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவார்கள். மக்ரோ இன்னமும் பாமினி எழுத்துகளைத் தேடிக்கொண்டிருக்கும்.

யூனிகோடுக்கு மாறியது நல்ல காரியம், திரும்பிப் போகாதீர்கள். ஷீட்டைப் பெயரால் கூப்பிடாமல் அதன் உள்பெயரால் கூப்பிடுங்கள். எடிட்டரில் ஷீட்டைத் தெரிவுசெய்து எப்4 அழுத்தினால், அடைப்புக்குறிக்குள் “நேம்” என்று இருக்கும் முதல் வரிக்கு எதிரே உள்ள பெயர் அதுதான். அதை ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டால், வெளியே தெரியும் தமிழ்ப் பெயரை யார் எப்படி மாற்றினாலும் மக்ரோ அசையாது. நிரலுக்குள் தேவைப்படும் தமிழ்ச் சொற்களை மறைவான ஒரு ஷீட்டில் பட்டியலாக எழுதி அங்கிருந்து படியுங்கள். ஒன்றிரண்டு சொல்தான் என்றால் எழுத்து எண்ணால் கட்டலாம்: “வரவு” என்பது 2997, 2992, 2997, 3009 ஆகிய நான்கையும் “சிஎச்ஆர்டபிள்யூ” மூலம் அடுத்தடுத்துச் சேர்த்தது. செய்திப் பெட்டியும் தமிழைக் கேள்விக்குறியாக்கும். அதற்குப் பதிலாகச் சிறிய ஃபோர்ம் ஒன்றில் லேபிள் வைத்து, செல்லில் இருக்கும் தமிழை அதற்குள் கொடுத்தால் சரியாகத் தெரியும். கோப்பாக எழுதும்போது “பிரின்ட்” கட்டளையை விட்டு, “ஏடிஓடிபி ஸ்ட்ரீம்” மூலம் யுடிஎஃப்-8 ஆக எழுதுங்கள். விண்டோஸின் மொழி அமைப்பில், உலகெங்கும் யுடிஎஃப்-8 பாவிக்கும் சோதனைத் தெரிவை இதற்குத் தீர்வாகச் சொல்பவர்கள் உண்டு. அது குறியீட்டுப் பக்கத்தையே மாற்றிவிடும். பழைய நிரலில் 127க்கு மேற்பட்ட எண் கொண்ட எழுத்து எது இருந்தாலும் அதன் பொருள் கெடும். பாமினிக் கோப்புகள் உள்ள கணினியில் அதைத் தொடவே வேண்டாம்.

ஓடி முடித்து, பிழையாகத் தருவது

புதிய விண்டோஸின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருந்துவிட்டால், நாள்–மாதம் என்று நாம் எழுதுவதை அது மாதம்–நாள் என்று படிக்கும். ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04 எழுதினால் மே 4 ஆகும். 25/04 என்பதை மக்ரோ திகதியாக மாற்றும்போது, 25ஆம் மாதம் இல்லாததால், சரியாகவே விழும். ஆகவே மாதத்தின் முதல் 12 நாட்களில் 11 நாள் பிழையாகவும் மற்றவை சரியாகவும் இருக்கும். விடுதிப் பதிவேட்டை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது, ஆட்கள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிராந்தியத்தைச் சரிசெய்வது அன்றைய மருந்து. நிரலில், எழுத்தாக வரும் திகதியை “சிடேட்” மூலம் மாற்றுவதை நிறுத்தி, நாள், மாதம், வருடம் என்று பிரித்து “டேட்சீரியல்” மூலம் கட்டுவதே நிலையானது. விண்டோஸ் அமைப்பை நீங்கள் திருத்தினாலும், எழுத்தாக இருக்கும் திகதியை விபிஏ நேரே செல்லில் போடும்போது அமெரிக்க ஒழுங்கிலேயே படிக்கப்படலாம் என்பதை மறவாதீர்கள்.

நிரலில் “ஒன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்” என்ற வரியைத் தேடுங்கள். பிழை வந்தால் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் பொருள். அது இருக்கும் வரை மேலே சொன்ன எந்த எண்ணும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. முந்தைய ஊழியரின் தொகை அடுத்தவரின் வரியில் போய் உட்காரும். பழுது தேடும் நேரத்தில் அந்த வரியின் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அதை முடக்குங்கள்.

திருத்திய பிறகு கையால் கணக்கிட்ட மூன்று பேரின் விபரத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள். 50,000 ரூபா சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதியில் ஊழியரின் 8 சதவீதம் 4,000, தொழில்தருநரின் 12 சதவீதம் 6,000, ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 சதவீதம் 1,500. இடையில் ஒருவருக்கு விடுமுறைக் கழிவும் இன்னொருவருக்கு மாத நடுவில் சேர்ந்த திகதியும் இருக்கட்டும். திகதிப் பிழை அப்போதுதான் வெளிவரும்.

அப்டேட்டே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. 2019 ஓகஸ்ட் 13இல் வெளியான விண்டோஸ் அப்டேட்டுகள் விபிஏ மக்ரோக்களை 5ஆம் பிழையோடு நிறுத்தின, சில நாட்களிலேயே திருத்தம் வந்தது. ஒரே நாளில் எல்லாக் கணினிகளிலும், தொடாத கோப்புகளும் சேர்ந்து உடைந்தால் இப்படி இருக்கலாம். விண்டோஸ் அப்டேட் என்றால் “அப்டேட் ஹிஸ்டரி” பக்கத்திலிருந்து அதைக் கழற்றலாம். ஒபிஸ் என்றால் 16.0 என்று தொடங்கும் முந்தைய பதிப்பின் முழு எண்ணைக் கொடுத்து, ஒபிஸை நிறுவி அப்டேட் செய்யும் கிளிக்-டு-ரன் கருவியால் பின்னால் கொண்டுபோகலாம். அதற்குப் பெரிய பதிவிறக்கம் வேண்டும், டொங்கிளில் டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத் தொடங்குங்கள். பின்னால் போனதும் அப்டேட்டை நிறுத்திவைத்து, திரும்ப இயக்க வேண்டிய திகதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நிறுத்தியே வைத்திருந்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும், சம்பளக் கோப்பு இருக்கும் கணினியில் அது கூடாது.